இரண்டாவது கரண்டி

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், தைப்பாள். சோபாவுக்கு உறை தைப்பது அவள் தொழில். எங்கள் வீட்டு முன்னறை முழுக்க ஸ்பாஞ்ச் துண்டுகளும் ரெக்சின் சுருள்களும் கிடக்கும். நடுவில் நிற்கும் பெரிய மோட்டார் தையல் மெஷினை அவள் மிதித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு டீவி கேட்காது. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அத்தனை மாடிக்கு மேலே கயிற்றில் தொங்கும்போது வராத பயம் அவனுக்குத் தெருமுனையில் வரும். அங்கே நின்று, மெஷின் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான்.

எனக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒற்றுமையாக இருந்தால் அவர்கள் பாவம், எதைப் பேசுவார்கள்? ஆனால் பன்றி விஷயத்தில் நான் எப்போதும் அவள் கட்சி. அவள் ஒருவனைப் பழிவாங்கினாள். அது சரியா தப்பா என்று என்னிடம் யாரும் கேட்க வர வேண்டாம். நான் வேன் ஓட்டினேன், அவ்வளவுதான்.

அந்த ஆளுக்கு அண்ணி வைத்த பெயர் கரண்டி. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் செல்லப் பன்றிக் குட்டிகள் விற்றுக்கொண்டிருந்தான். அவன் வீட்டு சோபாவுக்கு அளவெடுக்கப் போன அண்ணி, அளவெடுக்கும் டேப்பு வைக்கிற பைக்குள் ஒரு குட்டியோடு திரும்பி வந்தாள். வளரவே வளராத ரகம் என்று சொன்னானாம். அறை மூலையில் ஒரு சின்ன நாய் உயரத்துக்கு ஒரு பன்றி, கழுத்தில் நீல ரிப்பனோடு, அவன் முழங்காலில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். "இது பட்டு. இதுதான் அம்மா. இதுக்கு மேல வளராது, நீங்களே பாருங்க" என்றானாம். பன்றி குட்டி போடுவதற்கு முழுசாக வளர்ந்திருக்க வேண்டியதில்லை என்று அண்ணிக்கு அப்போது தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது.

அவன் ஒரு சின்னப் பித்தளை மணியை அடித்ததும் குட்டிகள் வரிசையாகப் பின்னங்காலில் உட்கார்ந்து வாயைத் திறந்தனவாம். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கரண்டித் தீனி. பால் பவுடர் டப்பாவுக்குள் கிடக்குமே, அந்த அளவில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கரண்டி. அதில் ஒன்றை அண்ணியிடமும் கொடுத்து அனுப்பினான்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. எவ்வளவு கத்தினாலும் ரெண்டாவது கரண்டி மட்டும் போட்டுடாதீங்க. ரகம் கெட்டுடும்."

குட்டிக்குத் திண்டு என்று பெயர் வைத்தோம். ஊசி குத்தி வைக்கும் திண்டு அளவுதான் இருந்தது. அண்ணி அதற்கு மிச்ச ஸ்பாஞ்சில் மெத்தை தைத்தாள், மெத்தைக்கு உறை தைத்தாள், உறைக்கு ஓரத்தில் கயிறு வைத்து மடித்துத் தைக்கிற பைப்பிங் கூட வைத்தாள். "கல்யாணத்துக்கு எனக்குத் தச்ச தலகாணியில பைப்பிங் இல்லையே" என்று அண்ணன் சொன்னதற்கு, "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

ஆனால் திண்டு கேட்டது. காலையில் கேட்டது, மதியம் கேட்டது, சாயங்காலக் கரண்டியை நக்கி முடித்துவிட்டு உடனே மறுபடியும் கேட்டது. கதவிடுக்கில் மூக்கை விட்டுக் கேட்டது. சுவரில் இருந்த சுண்ணாம்பைப் பெயர்த்துத் தின்றது. ஸ்பாஞ்சைத் தின்றது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் குரல் காதில் விழாமல் இருப்பதற்காக மெஷினை ஓட்டினாள். துணியே இல்லாமல் வெறும் மெஷினை ஓட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்கு அது கொடுமையாகத் தோன்றவில்லை, வைராக்கியமாகத் தோன்றியது. சொன்னவன் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருந்தான்.

ஒரே ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் இரண்டாவது கரண்டி போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, திருடியவள் மாதிரி என்னையும் அண்ணனையும் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் திண்டு வாசற்படியிலிருந்து தவறி விழுந்தது. ஒரு படிதான். அதற்கே பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணுமே இல்லம்மா. ரொம்ப நாளா பட்டினி கிடந்திருக்கு" என்றார். அண்ணி அன்றிலிருந்து அது கேட்டதையெல்லாம் கொடுத்தாள், கேட்காததையும் கொடுத்தாள். அதற்குச் சாப்பிடத் தெம்பில்லை. அந்த வாரமே பைப்பிங் வைத்த மெத்தையில் செத்துப்போனது.

அண்ணி அழுதுகொண்டுதான் அவனிடம் போனாள். சண்டை போடக்கூடப் போகவில்லை. இனி வேறு யாருக்கும் அந்தக் கரண்டியைக் கொடுக்காதே என்று சொல்லத்தான் போனாள். வெகுளி, அந்த ஒரு சாயங்காலத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

"அதான பாத்தேன். ரெண்டாவது கரண்டி போட்டிருக்கீங்க. நான் சொன்னதைக் கேக்கலை, இப்ப என்னைக் குத்தம் சொன்னா எப்படி?"

நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு அந்தப் பித்தளை மணியை எடுத்து அவன் வாய்க்குள் திணிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணி படியிறங்கி வேனில் ஏறிய பிறகு சொன்னாள்: "இவன் செஞ்சதை இவனே திருப்பி வாங்கிக்கணும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி." வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அண்ணன் தெருமுனைக்கு வந்துவிட்டு, அப்படியே திரும்பி டீக்கடைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் மற்றவர்களின் பன்றிகள் வர ஆரம்பித்தன. சோபா தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சர் தன் பன்றி குளியலறைக் கதவை உடைத்துவிட்டதென்று அழுதாள். அதைப் போய்க் கூட்டிவந்தோம். அந்தச் செய்தி பரவிற்று. வளரவே வளராத ரகமெல்லாம் கட்டில் அளவுக்கு வளர்ந்து நின்றன. பசி தாங்காமல் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தும், பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்தும், கிடைத்ததைத் தின்று பிழைத்தவை அவை. வாங்கியவர்களுக்கு வீட்டில் இடம் இல்லை, விற்றவனைப் போய்க் கேட்டால் நீங்கள் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று கைகழுவிவிட்டான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய டயர் கிடங்கை அண்ணி வாடகைக்குப் பிடித்து, தகரக் கேட் போட்டு, வைக்கோல் பரப்பினாள். பன்றிகளை ஏற்றிவர, ஓட்டல்களின் சலவைத் துணிக்காக நான் ஓட்டும் வேன். மறுநாள் ஓட்டல் படுக்கை விரிப்புகளை மோந்து பார்த்துவிட்டு என் முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பன்றியைத் தத்துக் கொடுப்பதில் அண்ணி மாமியாரை விட மோசம். கேட்டு வருகிறவர் முதலில் வைக்கோலில் சப்பணம் போட்டு உட்கார வேண்டும். அவளிடம் இருப்பதிலேயே பெரிய பன்றி வந்து மடியில் தலையை வைக்கும். கால் மரத்துப் போகும். அப்போதும் அசையாமல் இருப்பவரைத்தான் இன்னொரு நாள் வரச் சொல்லுவாள். பிறகு அவர்கள் வீட்டுக்கே போய்த் தரை வழுக்குகிறதா, படி எத்தனை உயரம் என்று டேப்பு வைத்து அளப்பாள். மகள் பிறந்தநாளுக்குப் பரிசாக ஒன்று கேட்டு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். "உங்க கடையிலதான் கேக் இருக்கே" என்று அனுப்பிவிட்டாள். செடி நர்சரி வைத்திருந்த அக்காவும் தங்கையும் வந்தார்கள். எங்கள் பன்றிகளில் குஷன் என்று பெயர் வைத்திருந்த ஒன்று அந்த அக்காவின் புடவைத் தலைப்பைப் பாதி தின்றுவிட்டது. "மீதியையும் தின்னுடு, இனிமே இத எங்க கட்டறது" என்றாள் அந்த அம்மா. அண்ணி அன்றைக்கே குஷனைக் கொடுத்துவிட்டாள்.

விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் சட்டம் உண்டு. பன்றிக்கு எதில் தீனி போட்டார்களோ அதைக் கொண்டுவர வேண்டும். இங்கே அதன் முதல் வேளையை, வயிறு நிறைகிற அளவுக்கு, தன் கையாலேயே போட வேண்டும். அது தின்று முடிக்கும்வரை நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் உடைந்து அழுவார்கள். அண்ணி அவர்களைத் திட்ட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பாள். கொண்டுவந்தவை பெரும்பாலும் அதே மஞ்சள் கரண்டிகள். அவற்றைப் பைப்பிங் கயிற்றில் கோத்து மெஷினுக்கு மேலே மாட்டினாள். தைக்கும்போது நிமிர்ந்தால் அந்த மாலைதான் கண்ணில் படும்.

"எதுக்கு அண்ணி இந்தச் சனியனைக் கண்ணு முன்னாடி வச்சிருக்கீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மறந்துடக் கூடாதில்ல?" என்றாள்.

பழிவாங்க வழி காட்டியவர் எங்கள் தெருக் குப்பை வண்டிக்காரர். அவருடைய பழைய மணி உடைந்துபோய்ப் புதிதாக ஒரு பித்தளை மணி வாங்கியிருந்தார். அதை முதல் நாள் அடித்துக்கொண்டு வந்தபோது கிடங்கில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தவை, வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தவை எல்லாம் எழுந்து ஓடிவந்தன. தகரக் கேட்டைப் பார்த்து, அந்தப் பெரிய உடம்புகளோடு, வரிசையாகப் பின்னங்காலில் உட்கார்ந்தன. வாயைத் திறந்தன. அவனிடம் பிறக்காத பன்றிகள் இரண்டு மூன்று மட்டும் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றன.

எனக்கு அழுகை வந்தது. அண்ணி பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் வந்தது அழுகை இல்லை.

"மறக்கலை பாரு" என்றாள். "ஒண்ணுகூட மறக்கலை."

அந்த வருஷம் செல்லப்பிராணிக் கண்காட்சி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வாசலுக்கு நேரே கரண்டியின் மேசை. பட்டுத்துணி விரித்து, கூடைகளில் குட்டிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிப்பன் கட்டியிருந்தான். மேசைக்கு ஓரமாகப் பட்டு. அதே உயரம்தான். முதுகெலும்பு தெரியாமல் இருக்க அதற்கு ஒரு சட்டை மாட்டியிருந்தான். மண்டபத்தின் கடைக்கோடியில் அண்ணி இடம் வாங்கினாள். 'வளர்ந்த பன்றிகள், தத்துக்கு' என்று ஒரு அட்டை. பிளைவுட்டில் இடுப்புயரத் தடுப்பு. பன்றிகளுக்கெல்லாம் அரக்கு நிற ரெக்சினில் வார் தைத்திருந்தாள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட யாரும் அவ்வளவு அலங்காரமாக நின்றதில்லை.

"நீ போய் குட்டி வாங்கற மாதிரி நில்லு" என்று என்னை அனுப்பினாள். "அவனுக்கு உன் முகம் ஞாபகம் இருக்காது. மணி அடிக்கச் சொல்லு, போதும்."

ஞாபகம் இல்லைதான். தேன் ஒழுகப் பேசினான். குட்டிகளைக் கையில் ஏந்திக்கொண்டு கூட்டம் நின்றிருந்தது. நான் வெட்கப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மணி அடிச்சா இதுங்க உக்காருமாமே, நிஜமாங்க?" என்று கேட்டேன்.

"இதோ பாருங்க" என்று மணியை எடுத்தான்.

அண்ணி அந்தத் தடுப்பை ஆணி அடித்து நிறுத்தவில்லை, சோபா உறைக்கு வைக்கிற வெல்க்ரோவால் ஒட்டியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மணிச் சத்தம் கேட்டதும் மண்டபத்தின் கடைக்கோடியில் பலகைகள் சரிந்தன. அங்கிருந்து வந்தார்கள் நம் ஆட்கள். கிளிக் கூண்டுகளுக்கும் மீன் தொட்டிகளுக்கும் நடுவில் ஒருத்தரையும் இடிக்காமல், ஒரே ஓட்டம். கூட்டம் விலகி வழிவிட்டது. மேசைக்கு முன்னால் வந்ததும் வரிசையாக உட்கார்ந்து, அவனை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார்கள்.

அவன் மணியைச் சட்டென்று மேசை மேல் வைத்தான். "இதெல்லாம் எங்கிட்ட வாங்கினதில்லை" என்றான். "இது வேற ரகம்."

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் மேசை மேல் இருந்த மணியை எடுத்து இன்னொரு தடவை ஆட்டினார். வாய்கள் இன்னும் பெரிதாகத் திறந்தன. யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி மெதுவாக நடந்து வந்தாள். கயிற்றில் கோத்த கரண்டிகளைப் பட்டுத்துணி மேல் வைத்தாள். அவன் மேசை மேல் ஏற்கெனவே அதே மஞ்சளில் ஒரு கொத்துக் கரண்டி இருந்தது.

"ரெண்டாவது கரண்டி போட்டிருக்கீங்கன்னு சொன்னீங்களே" என்றாள். குரலே உயரவில்லை. "இத்தனை வீட்டுலயுமா போட்டாங்க?"

அண்ணி ஒரு கரண்டியை எடுத்து அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"பசியோட உக்காந்திருக்காங்க. ஊட்டுங்க."

குட்டியை வைத்திருந்த ஒரு பெண் அதைக் கூடையில் திரும்ப வைத்தாள். அடுத்து இன்னொருவர். அவன் அந்தச் சின்னக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வாய்களுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். என் ஆயுசில் நான் பார்த்த காட்சிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கூடைகளில் மிஞ்சிய குட்டிகளை அன்றைக்கே வேனில் ஏற்றினோம். அவன் தடுக்கவில்லை. பட்டுவை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அத்தோடு அவன் வியாபாரம் படுத்தது. கொஞ்ச காலம் கழித்து வீட்டுக்காரரும் பன்றியோடு இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கெங்கோ கேட்டுப் பார்த்திருக்கிறான். யாரும் பட்டுவை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எங்கள் தகரக் கேட்டைத் தட்டினான். இஸ்திரி போடாத சட்டை. கையில் கயிறு, கயிற்றின் முனையில் பட்டு. அன்று அதற்குச் சட்டை மாட்டவில்லை. பெரிய உடம்புக்கான எலும்பு அது, மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் அது அவன் முழங்காலில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அவனும் அதன் காதைத் தடவிக்கொண்டே நின்றான். அந்த ஆளுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்தது.

"சட்டம் தெரியுமில்ல?" என்றாள் அண்ணி.

பூசணியும் தவிடும் வேகவைத்த பெரிய சட்டியை அவனே தூக்கிவந்து பட்டுவின் முன்னால் வைத்தான். பட்டு ஒரு வாய் எடுத்தது. ஒரே ஒரு வாய். பிறகு சட்டியிலிருந்து பின்வாங்கி, அவனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"சாப்பிடு பட்டு" என்றான். அது சாப்பிடவில்லை. "சாப்பிடும்மா, தப்பில்லை, சாப்பிடு." பட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க நிக்கற வரைக்கும் அது தின்னாது" என்றாள் அண்ணி. "போங்க."

கேட்டில் கை வைத்தபடி அவன் திரும்பினான். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கலாமா?"

"எல்லாரும் வரலாம்" என்றாள். "நீங்க வராதீங்க."

அவன் வந்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து தெருவில், கேட்டுக்கு வெளியே நின்றான். கீழிடுக்கில் அவன் செருப்பு தெரியும். அண்ணி கேட்டைத் திறக்கவில்லை. மற்றவர்கள் உள்ளே வரும்போதுகூட, ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து உடனே மூடினாள். "விட்டுடேன், பாவம்" என்று அண்ணன் ஒரு நாள் சொன்னான். "திண்டு கத்தினப்ப நீங்க வீட்டுலதான இருந்தீங்க? உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. அண்ணன் டீக்கடைக்குப் போய்விட்டான்.

மற்ற நாட்களில் பட்டு சட்டியைத் துடைத்துத் தின்னப் பழகிவிட்டது. உடம்பில் சதை பிடித்தது, உயர்ந்தது, அகன்றது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். செருப்புச் சத்தம் கேட்டதும் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாயைத் திறந்துகொள்ளும். அவன் போகும்வரை தீனியைத் தொடாது. அண்ணி அதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

போன ஞாயிறு, நான் முன்னறையில் அவளுக்குப் பதிலாக ஒரு குஷன் உறையை மெதுவாக, சத்தம் அதிகமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே கிடங்கு தெரியும். அண்ணி சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், தகரக் கேட்டை ஒட்டி, பட்டுவின் மூக்குக்கு நேரே வைத்தாள். "கேக்கட்டும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பட்டு ஒரு வாய் எடுத்தது. நிறுத்தியது. கேட்டைப் பார்த்தது. கீழிடுக்கில் அந்தச் செருப்பு அசையவில்லை.

பிறகு அது குனிந்து இரண்டாவது வாய் எடுத்தது. மூன்றாவது எடுத்தது. முகத்தைச் சட்டிக்குள் புதைத்துச் சப்புக்கொட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. வெளியே அவன் அழுகிற சத்தம் கேட்டது.

அண்ணி விறுவிறுவென்று உள்ளே வந்து மெஷின் சுவிட்சை அணைத்தாள்.

"இதை ஏன் இப்ப ஓட்டற? அவனுக்குச் சரியாக் கேக்காது."